எழுபத்திரண்டு நிமிஷத் தாமதம்

தலைநகரத்துக்குப் போகும் ரயிலை இருபத்தாறு வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தவள், அதில் பயணியாக ஏறி உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. உட்கார்ந்த மூன்றாவது நிமிஷமே எரிச்சல் வந்துவிட்டது. எதிர் ஸீட்டில் ஒரு ஆள், தலையில் எண்ணெய் வழிய வழிய, ஜன்னல் கண்ணாடிக்கு நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்க ஆரம்பித்தான். முந்தின நாள் சாயங்காலம் அவள் கையாலேயே துடைத்த கண்ணாடி.

"பாருங்கண்ணி, தலகாணி மாதிரி சாஞ்சுக்கிட்டான்" என்றாள் பக்கத்திலிருந்த நாத்தனார்.

"தலகாணியா இருந்தா உறையை உருவி அலசிப் போடலாம். இந்த எண்ணெய் ரெண்டு தடவை சோப்பு போட்டாலும் போகாது. வாயைத் தொறந்துகிட்டு வேற தூங்குறான். இன்னும் கொஞ்ச நேரத்துல அதுவும் வழியும்."

ரயில் கழுவுகிற யார்டில் அவளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்களுக்குக் கண்ணாடியக்கா. ஆறு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு ஜன்னல், ஒவ்வொன்றும் ஆள் உயரம். மலையும் பள்ளத்தாக்கும் நன்றாகத் தெரியவேண்டும் என்று அந்த ரயிலுக்கு மட்டும் அப்படி வைத்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து இதில் போய்வருகிறார்களாம், வேடிக்கை பார்க்க. வீட்டில் வேலை இல்லையா இவர்களுக்கு என்று அவள் பல தடவை யோசித்ததுண்டு. அவளுக்கு அந்த வழி முழுக்க அழுக்காகத்தான் தெரியும். முதலில் கறுப்பு, அது சுரங்கத்தின் புகைக்கரி. அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள், அது எங்கேயோ தெறிக்கிற தண்ணீர் காய்ந்தது. வருஷத்தில் இரண்டு மாசம் மஞ்சளாக ஒரு மாவு வந்து ஒட்டும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் பட்டால் பசை மாதிரி இழுக்கும் அந்த மாவு.

அவள் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வீட்டுக்காகப் போனாள். வீடு என்றால் ஒரே அறை. ரயில் ஊழியர் குடியிருப்பின் கடைசி வரிசையில் கடைசி அறை. சமையலுக்கு ஒரு மூலை, துணி காய ஒரு கயிறு, கதவை இழுத்துச் சாத்தினால் மறுபக்கம் திறந்துகொள்கிற ஒரு ஜன்னல். புருஷன் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலையில் இருந்தவன், அறை அவன் பேரில் இருந்தது. போன வருஷம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மோசமான ஆள் இல்லை. செருப்பைக் கழற்றினால் ஒன்று வாசலில் கிடக்கும், ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கும், அவ்வளவுதான் குறை. அறையை அவள் பேருக்கு மாற்றக் கேட்டு மனுப்போட்டு பத்து மாசம் ஆயிற்று. பதில் கடிதம் செத்தவன் பேருக்கே வந்தது. அவன் கையெழுத்துப் போட்டால்தான் தருவேன் என்று தபால்காரன் நாலு நாள் அதைக் கொண்டுவந்து கொண்டுவந்து திருப்பி எடுத்துப் போனான்.

"அவரு வரமாட்டாருய்யா!" என்று ஐந்தாவது நாள் அவள் கத்தினாள். "வேணும்னா நீ போய் வாங்கிட்டு வா, வழி சொல்றேன்!"

அப்புறம்தான் கொடுத்தான். நாத்தனார் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், அவள்தான் வாசித்தாள். குறிப்பிட்ட நாளில், மதியம் இரண்டு மணிக்குள், தலைமை அலுவலகத்தின் நாலாவது மாடிக்கு நேரில் வரவேண்டும். வராவிட்டால் அறை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். குறிப்பிட்ட நாள் நாளை மறுநாள்.

பட்டியலில் அடுத்தவன் யார்டில் பம்ப் ஓட்டுகிறவன். கடிதம் வருவதற்கு முன்பே அவனுக்குச் சேதி தெரிந்திருந்தது. ஒருநாள் டேப்போடு வந்து நின்றான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. சும்மா ஜன்னலை அளந்துக்கறேன். எங்க வீட்ல திரைத்துணி எடுக்கணும்னு சொல்றாங்க."

"உள்ள வந்து என்னையும் அளந்துக்கோ. தூக்கிட்டுப் போக எத்தனை ஆள் வேணும்னு தெரியணுமில்ல."

அவன் சிரித்துக்கொண்டே அளந்துவிட்டுத்தான் போனான்.

ரயில் ஏழு பத்துக்குக் கிளம்பி பன்னிரண்டு நாற்பதுக்குத் தலைநகரம் போய்ச் சேரும். ஸ்டேஷனிலிருந்து அலுவலகம் இருபது நிமிஷ நடை. ஒரு மணிக்கெல்லாம் மாடியில் நிற்கலாம். அவள் கணக்கில் பிசகில்லை. நாத்தனாரைக் கூட்டிக்கொண்டதும் பாசத்தால் இல்லை. பலகையில் எழுதியிருப்பதை வாசிக்க ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் நாத்தனார் பலகையை மட்டுமா வாசித்தாள்? கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள்.

"அண்ணி, ஆறு! ஆறு பாருங்க! அய்யோ, எம்மாம் கீழ போவுது! அண்ணி, ஆடு! ஆட்டை எண்ணுங்க!"

"எண்ணி என்ன பண்ண? நம்ம ஆடா?"

"மலை அண்ணி!"

"நான் குருடியா? தெரியுது."

முதல் சுரங்கத்தில் நுழைந்தபோது பெட்டியில் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். அவள் மட்டும் கண்ணாடியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கீழ் மூலையில் கரி படிந்திருந்தது. இதுதான் நீயா என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் பாலத்தை ஒட்டி ஓர் அருவி. நூறு ஆள் உயரம் இருக்கும். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சாரல் சடசடவென்று ஜன்னலில் அடித்தது. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி. அடுத்த வளைவில் மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூ, கண் எட்டுகிற வரைக்கும். காற்றில் அதன் பொடி புகை மாதிரி எழும்பியது.

"அய்யோ, எவ்ளோ அழகு!" நாத்தனாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இதுதானா அந்தச் சனியன்" என்றாள் அவள். இருபத்தாறு வருஷம் நகக்கண்ணில் ஒட்டிய மாவு எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ளவேண்டும். நாத்தனார் கவனிக்காதபோது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பக்க ஸீட்டில் கழுத்தில் கேமரா தொங்க ஒருவர் இருந்தார். மலை உச்சிக்குப் பக்கத்தில் ஏதோ பறவை அவர் ஜன்னலுக்கு நேராகத் தன் வேலையைக் காட்டிவிட்டுப் போனது. வெள்ளையும் பச்சையுமாகக் கண்ணாடி நடுவில் பெரிய அப்பளமாக அப்பிக்கொண்டது. அவர் கேமராவை அப்படிப் பிடித்தார், இப்படிப் பிடித்தார், எங்கே பிடித்தாலும் அதுதான் விழுந்தது.

"எல்லாப் படத்துலயும் இது வருது" என்றார் பொதுவாக. "டிக்கெட் மட்டும் வாங்கிக்கறான். பெட்டியைக் கழுவறதே இல்ல போல. அந்தக் கழுவற ஆளுங்க என்னதான் பண்ணுவாங்களோ!"

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவசரமாக மலையைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் மூணு தண்ணி விட்டுத் தொடச்சது, சார்" என்றாள் அவள். "இது இப்ப விழுந்தது. பறக்கறதுக்கெல்லாம் நான் போய் அடியில துணி கட்டிவிட முடியுமா?"

"நான் உங்களைச் சொல்லலையே."

"என்னைத்தான் சொன்னீங்க."

உச்சியில் ஒரு சின்ன ஸ்டேஷன். எதிர் ரயில் வந்து கடக்கிற வரைக்கும் அங்கே பத்து நிமிஷம் நிற்பது வழக்கம். ஜனங்கள் டீ குடிக்க பிளாட்பாரத்தில் இறங்கினார்கள். அவள் இறங்கியது மறுபக்கம். அங்கே சரக்கு இறக்குகிற பழைய சிமெண்ட் மேடை ஒன்று இருந்தது, நின்றால் ஜன்னல் எட்டும். அவளிடம் இருப்பது ஒரே பை. வேலைக்குப் போனாலும் அதுதான், தலைநகரம் போனாலும் அதுதான். துடைக்கும் துணிகளுக்கு நடுவில் மனுத் தாள்களை மடித்து வைத்திருந்தாள்.

யார்டில் ஒரு முறை உண்டு. பெட்டியில் கைவைக்கும் முன் ஒரு சிவப்புத் துணியைப் பெட்டியின் ஓரத்துக் கொக்கியில் மாட்டவேண்டும். அது தொங்குகிறவரை வண்டி ஓர் அங்குலம் நகரக்கூடாது. மாட்டியவர்தான் கழற்றவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவன் உதவி செய்வதாக நினைத்து இன்னொருவனுடைய துணியைக் கழற்றிவிட்டான். துணிக்குச் சொந்தக்காரன் அப்போது பெட்டிக்கடியில் இருந்தான். ஒரு கால் போயிற்று. அதிலிருந்து இந்தச் சட்டம்.

அவள் யோசித்து மாட்டவில்லை. கை மாட்டியது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவது மாதிரி, கண்ணாடியைத் தொடும் முன் சிவப்பை மாட்டுவது அவள் கைக்குப் பழக்கம். அப்புறம் பாட்டில் தண்ணீரை விட்டு, சுரண்டி, துடைத்து, ஒரு தடவை எட்டி நின்று பார்த்தாள். பளிச். அந்த நேரம் பார்த்து எதிர் ரயில் கூவிக்கொண்டு வந்தது.

"அண்ணி! கிளம்பிடுச்சு! ஏறுங்க, ஏறுங்க!" வாசலில் நின்ற நாத்தனார் அலறி, அவள் கையைப் பிடித்து, அவளை மூட்டை மாதிரி உள்ளே இழுத்துப் போட்டாள். நகர்ந்தது எதிர் ரயில்தான். இவர்கள் ரயில் அசையவில்லை.

"முழங்கை போச்சுடி!" என்று அவள் தேய்த்துக்கொண்டாள்.

அசையவே இல்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. பதினைந்து போயிற்று. இன்ஜின் பக்கம் விசில் கேட்டது, கார்டு பக்கமிருந்து விசில் கேட்டது, யாரோ சரளைக்கல்லில் ஓடினார்கள். அரைமணி ஆனபோது அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னதான் பண்றானுங்க? டிரைவரு கீழ எறங்கிப் பூப்பறிக்கப் போயிட்டானா?"

பெட்டியே சிரித்தது. எண்ணெய்த் தலைக்காரன்கூட எழுந்துவிட்டான்.

"நல்லாக் கேளுங்கம்மா" என்றான்.

"கேக்கத்தான் போறேன். இருபத்தாறு வருஷம் இவனுங்க வண்டியைத் தொடச்சிருக்கேன். ஒரே ஒரு நாள் ஏறினேன். ஒரே ஒரு நாள்! எனக்குன்னு வந்து நிக்குது பாருங்க. ரெண்டு மணிக்குள்ள நான் போகலைன்னா என் வீட்டுல இன்னொருத்தன் திரை மாட்டிருவான்!"

ஜனங்களுக்கு ஒரு தலைவி கிடைத்தாள். அவரவர் தங்கள் கஷ்டத்தை அவளிடம் சொன்னார்கள். கேமராக்காரர்கூடப் புகார் எழுதிக்கொடுக்கலாம் என்றார். யார் தப்பென்று கண்டுபிடித்து முதல் கையெழுத்தாகத் தன் கைநாட்டையே வைப்பதாக அவளும் சொன்னாள். ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

அப்போதுதான் கார்டு பெட்டி பெட்டியாக வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"இந்தப் பெட்டிக்கு வெளிய சிவப்புத் துணி யாரு மாட்டினது? இந்த ஸ்டேஷன்ல கழுவற ஆளே கிடையாது. எல்லாப் பெட்டிக்கும் அடியில படுத்துப் பாத்தாச்சு, ஒருத்தரும் இல்ல. மாட்டினவங்க வந்து எடுக்கணும். இல்லைன்னா கீழ ஜங்ஷன்ல இருந்து அதிகாரி வந்து எழுதிக் குடுக்கற வரைக்கும் வண்டி நகராது. அவரு வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"எந்த அறிவு கெட்டவன்..." என்று ஆரம்பித்த அவள் வாய் அப்படியே நின்றது. கை பைக்குள் போயிற்று. துடைக்கும் துணி இருந்தது. தாள் இருந்தது. சிவப்பு இல்லை.

நாத்தனாரும் பையைப் பார்த்தாள். "அண்ணி" என்றாள் ரகசியமாக, "பேசாம இருந்திருங்க. யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் பேசாமல் இருந்தால் இரண்டு மணி நேரம், அறை போயிற்று. பேசினால் பேர் எழுதுவார்கள், எழுதின பேரோடு போய் நின்றால் அறை கிடைக்குமா என்று தெரியாது. போனது போனதாக ஆவதைவிட தெரியாதது பரவாயில்லை. அவள் எழுந்தாள்.

"நான்தான்."

"நீங்களா? நீங்க யாரு?"

"இந்தப் பெட்டியைக் கழுவறவ."

"இன்னைக்கு வேலையில இருக்கீங்களா?"

"லீவு. அந்த சாரு படம் எடுக்க முடியலைன்னாரு. தொடச்சேன்." கேமராக்காரர் திடீரென்று மலையில் எதையோ கவனித்தார். "தொடச்சு முடிச்சு எடுக்கறதுக்குள்ள இவ என்னை உள்ள இழுத்துட்டா."

"நான் இழுக்கலைன்னா நீங்க அங்கயே நின்னிருப்பீங்க!" என்றாள் நாத்தனார்.

"நின்னிருந்தா துணியாவது கண்ல பட்டிருக்கும்!"

இதுவரை அவள் பக்கம் இருந்த பெட்டி மொத்தமும் இப்போது அவளைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இறங்கினாள். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஆளைக் காவலுக்கு வேறு நிறுத்தியிருந்தார்கள், துணி ஓடிவிடும் என்று. அவள் கழற்றினாள். கார்டு அவள் பேரை எழுதி, இன்ஜினுக்கு ஆளனுப்பிச் சொன்ன பிறகுதான் விசில் ஊதியது. வண்டி நகர்ந்தபோது எழுபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

இறங்குவதற்கு முன் கார்டிடம் போய் நின்றாள். "வண்டி லேட்டுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நம்ம ஆபீஸ்ல அதைக் காட்டினா சாயங்காலம் வரைக்கும் எடுத்துக்குவாங்க."

கார்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாத் தெரியலையா?"

"தெரியுது. எழுதுங்க."

எழுதினார். நிறைய எழுதினார். அவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று அப்போதே அவளுக்குச் சந்தேகம்தான். தலைநகரத்துத் தெருவில், பஸ்ஸும் ஹாரனுமாக இருந்த சந்தியில், ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே நாத்தனார் வாசித்தாள்.

"எழுபத்திரண்டு நிமிடத் தாமதம். காரணம், விடுமுறையில் பயணம் செய்த பெட்டி கழுவும் பெண் ஊழியர், சிவப்புத் துணியை மாட்டிவிட்டுக் கழற்ற மறந்தது. பிற பயணிகளைத் தூண்டிவிட்டு..." நாத்தனார் நிறுத்தினாள். "அண்ணி, டிரைவர் பூப்பறிச்சதுகூட இருக்கு."

"நாசமாப் போக."

"கீழ்ப்பாதியைக் கிழிச்சுடலாமா?"

"கையெழுத்து எங்க இருக்கு?"

"கீழ்ப்பாதியிலதான்."

"அவன் விவரமானவன்" என்றாள் அவள். நடந்தாள்.

நாலாவது மாடி. லிப்ட் வாசலில் ஏதோ பலகை தொங்கியது, வாசிக்கச் சொல்லவே அவசியமில்லை. ஏறி முடித்தபோது மணி இரண்டு பதினைந்து. நீளமான அறை, மேஜைக்கு மேஜை கட்டுக் காகிதம், ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது, அதுவும் குமாஸ்தாவுக்கு நேராக. எதிர் பெஞ்சில் பம்ப்காரன் உட்கார்ந்திருந்தான். முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தலைவாரி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"அடடா, அக்கா, இப்பத்தான் ரெண்டு அடிச்சுது" என்றான், நிஜமாகவே வருத்தப்படுகிறவன் மாதிரி.

அவள் அவனைத் தாண்டிப் போனாள். மூச்சு இல்லை. சீட்டை மேஜையில் வைத்தாள். குமாஸ்தா முழுக்க வாசித்தார், வாய்விட்டு வாசித்தார், பூப்பறித்தது உட்பட. பம்ப்காரன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அந்தப் பெண் ஊழியர் யாரு?"

"நான்தான்."

"தாமதத்துக்குக் காரணமே நீங்க. அதுக்கு நீங்களே சீட்டு கொண்டுவந்தா எப்படிம்மா?"

"அதானே சார்" என்றான் பம்ப்காரன்.

"நீ சும்மா இரு, உன் பேரை இன்னும் கூப்பிடலை" என்று அவனைப் பார்க்காமலே சொன்னாள். "சார், நான் படிக்கலை. தப்பாப் பேசினா சொல்லுங்க. மாட்டினவதான் கழட்டணும்னு போட்டது யாரு? நானா?"

"டிபார்ட்மெண்ட்."

"வழியில போற எவனாவது அதைக் கழட்டித் தூரப் போட்டிருந்தா வண்டி நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். நானும் ஒரு மணிக்கு இங்க வந்திருப்பேன். நீங்க ஒரு கேள்வி கேக்காம கையெழுத்துப் போட்டிருப்பீங்க. சரியா? ஆனா ஒருத்தரும் தொடலை. கார்டு தொடலை, டிரைவரு தொடலை. கடைசியில நான் வந்து, நான்தான்னு சொல்லி, நானே எடுத்தேன். மறந்தது என் தப்பு. அதுக்கு என்ன எழுதணுமோ எழுதுங்க. ஆனா எல்லாரும் சட்டப்படி நின்னதுக்கு என் வீட்டைப் புடுங்குவீங்களா?"

குமாஸ்தா பேனாவைக் காதில் செருகினார். எடுத்தார். பம்ப்காரனைப் பார்த்து, "நீங்களும் யார்டுதானே? நீங்களா இருந்தா அந்தத் துணியை எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டார்.

அவன் சிரிப்பு நின்றது. "அது... இன்னொருத்தர் துணியைத் தொடமாட்டோம் சார்."

"ரூம் கிடைக்கும்னாலும்?"

அவன் யோசித்தான். யோசிக்கிறானே என்று அவளுக்குக் கோபம் வந்தது. "இல்ல சார்" என்றான் கடைசியில், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி. "தொடமாட்டேன்."

குமாஸ்தா இரண்டு தாள் எடுத்தார். இரண்டிலும் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அவளுக்குக் கால் கடுத்தது. உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"இது அறை ஒதுக்கீடு" என்று ஒன்றை நகர்த்தினார். "இது எச்சரிக்கைக் கடிதம். உங்க ஃபைல்ல இருக்கும். இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலைக்கே ஆபத்து. ரெண்டுலயும் கைநாட்டு வைக்கணும்."

"எந்தக் காகிதம் வீடு, எந்தக் காகிதம் திட்டு? மாத்தி வச்சுடப் போறேன்."

"ரெண்டுக்கும் ஒரே மைதான். வைங்க." அவர் முதல் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இருங்க, ஒரு கட்டம் விட்டுப்போச்சு. கூட வசிக்கறவங்க யாராவது உண்டா? எழுதலைன்னா அப்புறம் சேர்க்க முடியாது."

நாத்தனார் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, அண்ணன் வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தவள். இப்போது அண்ணன் இல்லை. ரயில் ஏறினதிலிருந்து முதல் தடவையாக அவள் வாய் மூடியிருந்தது.

"ஒருத்தி இருக்கா" என்றாள் கண்ணாடி. "அதோ, அவதான். நாத்தனார். எழுதிக்கோங்க."

குமாஸ்தா எழுதினார்.

"வாய் ஜாஸ்தின்னும் எழுதிக்கோங்க."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"அப்ப ஓரத்துல எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டே மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.